இரண்டாயிரம் சி.சி.

ஈரடுக்குப் பாலம் ஏறும்போதெல்லாம்
என் அம்பாசடர் இருமும்.
பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஏற்றிய
மூன்று அண்டா சொதியும் பின்னால் சாயும்,
தேங்காய்ப்பால் மூடியை முட்டும்.
டவுன் பஸ்காரன் ஹாரனிலேயே திட்டுவான்.
இரண்டாவது கியர். அப்புறம் முதல் கியர்.
அதற்குக் கீழே கியர் இல்லை,
சாமிதான்.

மறுவீட்டுப் பந்தியில் இலை போட்டாச்சு
சொதி எங்கே என்று
ஒரு சம்பந்தி வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்த மதியம்
முடிவு செய்தேன்.

'இந்தக் காசுக்கு ஆம்னி வாங்கலாமே'
என்றார் வீட்டுக்காரர்.
ஆம்னி கதவில் அண்டா நுழையாது என்றேன்.
அளந்து பார்த்துச் சொல்லவில்லை.
அவரும் அளக்கப் போகவில்லை.

பேட்டையில் பழைய இரும்புக் கடையில்
ஒரு கான்டசா கிடந்தது.
கயத்தாறு தாண்டி
பின்னால் வந்த லாரி அப்பளமாக்கியது.
முன்பக்கம் கீறல் இல்லை.
யார் வண்டி என்று கேட்டேன்.
'எடைக்கு வந்ததுக்கு ஊரு பேரு ஏதும்மா'
என்றார் தவசிக்கனி.
டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை மட்டும்
பெயர்த்தெடுத்துக் கல்லாமேல் வைத்திருந்தார்.

மேலப்பாளையம் மசூது பாய்
செயின் பிளாக்கில் என் பழைய இன்ஜினைத் தூக்கினார்.
அந்தரத்தில் தொங்கி
எண்ணெய் சொட்டியது.
இருபத்தொரு வருஷம் என்னை இழுத்தது
இத்தனூண்டுதானா?
'இருதயம் மாத்துற மாதிரில்லா இருக்கு பாய்.'
அவர் சிரிக்கவில்லை.
'இருதயத்துக்கு கியர்பாக்ஸ் உண்டாம்மா?
இது வேற சோலி.'

வேறு சோலிதான்.
சம்ப் இடித்ததால் குறுக்குச் சட்டத்தை அறுத்து வெல்டிங்.
புரப்பெல்லர் ஷாஃப்டை
நாலு விரல்கடை வெட்டி லேத்தில் ஒட்டு.
முன் ஸ்பிரிங் பளு தாங்காமல் குனிந்தது,
அதற்கொரு தகடு.
பானெட் மூடவில்லை, அதையும் தட்டி உப்பவைத்தார்கள்.
ஐந்து நாளில் முடியும் என்றவர்
இருபத்தாறாவது நாள்
தரையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.
ஸ்டியரிங் தண்டில் இருந்த என் கியர்
இனி காலடியிலாம்.
ஓட்டை வழியே பார்த்தேன்,
ஒரு போல்ட்டும் பீடித்துண்டும் கிடந்தன.

'பிரேக் பழசுதான். பைய போங்க'
என்று சாவியைத் தந்தார்.

பைய எங்கே போவது!
முதல் நாளே
பாலத்து உச்சியில் ஏறிய வேகத்தில்
இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன்.
இதுவரை பின்னால் சாய்ந்த சொதி
முதல் தடவையாக
முன்னால் வந்து என் முதுகை நனைத்தது.
இஞ்சித் துவையல் தூக்குவாளி
கண்ணாடியில் மோதி நசுங்கியது.
இப்போதெல்லாம்
இரண்டாயிரம் சி.சி.யை
முப்பதிலேயே ஓட்டுகிறேன்.
டவுன் பஸ்காரன்
திட்டுவதை நிறுத்தவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் புத்தகத்தைப் புரட்டிய அதிகாரி
குனிந்து இன்ஜின் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார்.
'வண்டி இதுதானாம்மா?'
பாதி இது சார், என்றேன்.
அவர் படிவத்தில்
பாதிக்குக் கட்டம் இல்லை.

பழைய இன்ஜின்
முன்னீர்பள்ளம் பக்கம் ஒரு கிணற்றில்
தண்ணீர் இறைக்கிறதாம்.
பாய் சொன்னார்.
போய்ப் பார்க்க வேண்டும்,
வாழைக்குப் பாய்கிறதா நெல்லுக்கா என்று.

ஆனால் தென்காசிக் கல்யாணம் முடிந்து
காலி அண்டாக்களோடு திரும்பும் ராத்திரி
ஆலங்குளம் தாண்டியதும்
சாலை என் ஒருத்திக்கு.
காற்றாலைகளின் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிய
ஐந்தாவது கியர் போடுவேன்.
பின்னால் மூன்று அண்டாக்களும்
கரண்டிகளும் சேர்ந்து அலறும்.
வியாபாரத்துக்குத்தான் இத்தனையும் செய்தேன்
என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

மாறாந்தை வளைவில் மட்டும்
இடது கை தானாக எழுந்து
ஸ்டியரிங்கில் பழைய கியர்த் தண்டைத் தள்ளும்.
கழற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.
எதனோடும் இணையாத தண்டு
கைக்கு லேசாக
மூன்றாவதில் போய் விழும்.